பெண்களும் தனிப் பிரயாணமும்

(மகளிர் கூட்டமொன்றில் பேசியது)



இன்று நமக்குப் பேசக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம், தனியாகப் பிரயாணம் செய்ய விரும்பும் பெண்கள், துணிச்சலுக்கு வேலையுள்ள இடங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதாகும். இதைக் கேட்டவுடன் சிலருக்குச் சிரிப்பு வரலாம். "அடுப்பங்கரையில் வேலை கிடக்கிறது, இவளுக்கு இமயமலை எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் இதே கூட்டத்தில், பெண்கள் எந்தக் கோவிலைச் சுற்றினால் பிள்ளை பிறக்கும் என்பது பற்றிப் பேசுவதாக நோட்டீஸ் போட்டிருந்தால், சிரித்தவர்களெல்லாம் தங்கள் வீட்டுப் பெண்களை வண்டி வைத்து அனுப்பியிருப்பார்கள். இந்த ஒன்றிலிருந்தே நம் நாட்டில் பெண்ணின் யோக்கியதை எவ்வளவு என்று வைத்திருக்கிறார்கள் என்பதைத் தெரிந்து கொள்ளலாம்.

பெண்கள் பிரயாணமே செய்வதில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கல்யாணமானால் புருஷன் வீட்டிற்குப் போகிறார்கள். பிரசவத்திற்குத் தாய் வீட்டிற்குப் போகிறார்கள். கல்யாணத்திற்கும் இழவிற்கும் போகிறார்கள். நேர்த்திக்கடன் என்று திருப்பதிக்கும் பழநிக்கும் போகிறார்கள். ஆனால் இவற்றில் ஒரு இடத்தையாவது அவள் தானாகத் தேர்ந்தெடுத்தாளா? "அம்மா, உனக்கு எந்த ஊரைப் பார்க்க வேண்டுமென்று ஆசை?" என்று எந்தத் தகப்பனாவது, எந்தப் புருஷனாவது கேட்டதுண்டா? கேட்டால் அவளுக்குத்தான் பதில் சொல்லத் தெரியுமா? கேட்கப்படாமலே வளர்ந்தவளுக்குப் பதில் எங்கிருந்து வரும்? ஆகவே இடம் தேர்ந்தெடுப்பது என்பது ஏதோ பொழுதுபோக்குச் சமாசாரம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். எங்கே போவது, எப்போது போவது, எப்போது திரும்புவது என்று தானே முடிவு செய்கின்ற உரிமை எவருக்கு இல்லையோ, அவருக்கு மற்ற எந்த உரிமை இருந்தும் அது ஏட்டுச் சுரைக்காயேயாகும்.

இந்த உரிமையைப் பறித்தது யார் என்று முதலில் பார்ப்போம். பெண்ணானவள் சிறு வயதில் தகப்பனுக்கும், பருவத்தில் புருஷனுக்கும், முதுமையில் பிள்ளைக்கும் கட்டுப்பட்டவள், அவள் ஒரு போதும் சுதந்திரமாய் இருக்கத் தகுந்தவளல்ல என்பது மநுதர்மத்தின் தீர்ப்பு. இது ஒருபுறமிருக்க, பஞ்சாங்கக்காரர் வேறு இருக்கிறார். திங்களும் சனியும் கிழக்கே சூலம், செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், வியாழன் தெற்கே, வெள்ளியும் ஞாயிறும் மேற்கே என்று எழுதி வைத்திருக்கிறார். திங்கட்கிழமைகளில் கிழக்கே போகின்ற ரயில்களெல்லாம் கவிழ்ந்து போகின்றனவா என்று கேட்கின்றோம். இதற்கும் மேலாகச் சகுனம் என்று ஒன்று. புருஷனை இழந்த பெண் எதிரே வந்தால் போகிற காரியம் கெட்டுவிடுமாம். அப்படியானால் அந்தப் பெண்ணே பிரயாணம் புறப்பட்டால், அவளுக்கு எதிரே யார் வந்தால் கெடும்? இதை எந்த சாஸ்திரியும் இதுவரை சொன்னதில்லை. ஏனெனில் அவள் புறப்படுவாள் என்று அவர்கள் நினைத்ததே இல்லை.

இந்தப் புரட்டு நம் நாட்டிற்கு மாத்திரம் சொந்தமானதல்ல. ஜப்பான் தேசத்தில் பூஜி என்று ஒரு மலை இருக்கின்றது. உயரம் 3,776 மீட்டர். அது தெய்வீக மலை, பெண் ஏறினால் தீட்டு என்று சொல்லி, பெண்களை உச்சிக்கு விடாமல் தடுத்து வைத்திருந்தார்கள். 1832-ம் வருஷத்தில் தக்காயாமா தாத்சு என்ற ஒரு பெண் ஆண் வேஷம் போட்டுக் கொண்டு அதன் உச்சிக்கு ஏறினாள். மலை வெடித்ததா? வானம் இடிந்ததா? ஒன்றும் நடக்கவில்லை. 1872-ம் வருஷத்தில் ஜப்பான் சர்க்கார் புண்ணியத் தலங்களில் பெண்களுக்கு இருந்த தடையை உத்தரவு போட்டு எடுத்தது. ஆனாலும் அதே தேசத்தில் ஓமினே என்னும் மலையில் இன்றைக்கும் பெண் வரக்கூடாது என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். 2004-ம் வருஷத்தில் அந்த மலையை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகவும் சேர்த்து விட்டார்கள். உலகத்தில் பாதிப் பேர் நுழையக்கூடாத இடம் எப்படி உலகத்தின் சொத்தாகும் என்பது நமக்கு விளங்கவில்லை.

அந்த 1872-ம் வருஷ உத்தரவுக்குப் பிறகு 103 வருஷங்கள் கழித்து நடந்ததைக் கேளுங்கள். அதே ஜப்பானில் 1939-ம் வருஷத்தில் ஜுங்கோ தபே என்ற பெண் பிறந்தார். குழந்தையாய் இருக்கும்போது பலவீனமானவள் என்று பெயர் எடுத்தவர். பத்து வயதில் பள்ளிக்கூடத்து ஆசிரியருடன் ஒரு மலைக்குப் போய் வந்தவர், அன்று முதல் மலையை விடவில்லை. 1969-ம் வருஷத்தில் பெண்களுக்கென்றே ஒரு மலையேறும் சங்கம் ஆரம்பித்தார். எவரெஸ்டுக்குப் போகப் பணம் கேட்டு அலைந்தபோது, வீட்டிலிருந்து பிள்ளை வளர்க்காமல் உங்களுக்கு இது எதற்கு என்று பலர் புத்தி சொன்னார்களாம். அவர் பியானோ வாத்தியம் சொல்லிக் கொடுத்துப் பணம் சேர்த்தார். கார் ஆசனத்தின் மேல் உறையை வெட்டித் தைத்துக் கையுறைகளும் பைகளும் செய்து கொண்டார்கள். வழியில் பனிச்சரிவு வந்து கூடாரத்தோடு அவரைப் புதைத்துவிட்டது. ஷெர்ப்பாக்கள் தோண்டி எடுத்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து, 1975-ம் வருஷம் மே மாதம் 16-ந் தேதி, எவரெஸ்ட் உச்சியில் நின்ற முதல் பெண் அவரேயானார். அப்போது அவருக்கு வீட்டில் சிறு பெண் குழந்தை ஒன்றும் இருந்தது. குழந்தையும் நன்றாகவே வளர்ந்தது.

தூர தேசத்துக் கதை எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். நம் பக்கத்திலேயே ஒன்று சொல்லுகிறோம். பொதிகை மலைத் தொடரில், கேரளமும் தமிழ்நாடும் சேருகிற இடத்தில், 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் கூடம் இருக்கின்றது. வருஷத்தில் சில வாரங்கள் மட்டும் வன இலாகா அனுமதிச் சீட்டுக் கொடுத்து அங்கே ஆட்களை ஏறவிடுகிறது. உச்சியில் அகத்தியர் சிலை இருக்கின்றது. அவர் பிரம்மசாரியாதலால் பெண்கள் அங்கே வரக்கூடாது என்பது வழக்கமாய் இருந்தது. தோழர்களே! லோபாமுத்திரை என்பவள் அகத்தியருக்குப் பெண்சாதி என்று சொல்லுவது யார்? நாமா? அவர்களுடைய புராணங்களே சொல்லுகின்றன. பெண்சாதி உள்ள பிரம்மசாரியை இவர்களால்தான் கண்டுபிடிக்க முடியும்! கடைசியில் 2018-ம் வருஷத்தில் கேரள ஹைக்கோர்ட்டு ஆண் பெண் என்று பார்த்துத் தடுக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. 2019-ம் வருஷம் ஜனவரி மாதத்தில், தன்யா சனல் என்ற அம்மையார் அந்த உச்சிக்கு ஏறி இறங்கினார். அந்தக் காட்டிலே தலைமுறை தலைமுறையாய் வாழுகின்ற காணி மக்களில் பலர் இதற்கு வருத்தப்பட்டார்கள். அவர்களை நாம் ஏளனம் செய்யவில்லை. அவர்களுக்குச் செய்ய வேண்டிய நியாயம் அநேகம் பாக்கி இருக்கின்றது. ஆனால் பெண் ஏறியதனால் மலைக்கோ மழைக்கோ ஒரு குறையும் வரவில்லை என்பதை அவர்களும் பார்த்தார்கள், நாமும் பார்த்தோம்.

சாஸ்திரத்தை நம்பாத படிப்பாளிகளாவது யோக்கியமாய் நடந்து கொண்டார்களா என்றால் அதுவும் இல்லை. லண்டனில் ராயல் பூகோள சங்கம் என்று ஒரு பெரிய சங்கம். 1892-ம் வருஷத்தில் அதில் சில பெண்களை அங்கத்தினராகச் சேர்த்தார்கள். அவர்களில் ஒருவர் இசபெல்லா பேர்டு அம்மையார். முதுகெலும்பு நோயால் கஷ்டப்பட்டவர். வைத்தியர்கள் காற்று மாறுதலுக்குப் போகச் சொன்னதை வைத்துக் கொண்டே உலகம் சுற்றியவர். 1873-ல் அமெரிக்காவின் ராக்கி மலைகளில் குதிரை மீது சுற்றினார். 1878-ல் மொழிபெயர்க்க ஒரு இளைஞனை மட்டும் வைத்துக் கொண்டு ஜப்பானின் வட பகுதி வரை போனார். 1889-ல் லடாக்கிற்குப் போனார். இப்படிப்பட்டவர்களைச் சேர்த்தது தவறு என்று அடுத்த வருஷமே சங்கத்தில் சண்டை வந்து, இனிமேல் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். பெண்களுக்கு ஊர் ஆராயும் தகுதியே கிடையாது என்று பத்திரிகைக்கு எழுதிச் சண்டை போட்டவர் யார் தெரியுமா? பின்னால் நம் நாட்டிற்கு வைசிராயாக வந்து வங்காளத்தை இரண்டாக வெட்டிய கர்சன் பிரபுதான். 20 வருஷம் கழித்து, 1913-ல், பெண்களுக்குக் கதவைத் திறந்தபோது அந்தச் சங்கத்தின் தலைவராய் இருந்தவரும் அதே கர்சன்தான். இடையில் பெண்ணின் மூளை மாறிவிட்டதா? உடம்பு மாறிவிட்டதா? ஒன்றுமில்லை. பெண்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். கர்சனுக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. உரிமை கேட்டுப் பெறுவதை விட, நடந்து காட்டிப் பெறுவது சீக்கிரம் நடக்கின்றது என்பதற்கு இது ஒரு நல்ல அத்தாட்சியாகும்.

சட்டத்தின் பேராலும் இந்தக் கொடுமை நடந்தது, நடக்கின்றது. சவூதி அரேபியாவில் ஒரு பெண் பாஸ்போர்ட் எடுப்பதற்கே ஆண் ஒருவனுடைய சம்மதம் வேண்டும் என்று இருந்தது. 21 வயதானவர்களுக்கு அந்த நிபந்தனையை 2019-ம் வருஷத்தில்தான் எடுத்தார்கள். ஈரானில் கல்யாணமான பெண்ணுக்குப் புருஷனின் சம்மதம் இல்லாமல் பாஸ்போர்ட் இல்லை. நம் நாட்டில் அப்படிச் சட்டம் கிடையாது என்று சந்தோஷப்படுகிறோம். ஆனால் நம் வீடுகளில் பாஸ்போர்ட் ஆபீசைக் காட்டிலும் கண்டிப்பான ஆபீஸ் ஒன்று கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறதே, அதற்கு என்ன செய்வது?

இனி ஆபத்து என்கின்ற ஆட்சேபணைக்கு வருவோம். "சாஸ்திரத்தை விடுங்கள், வெளியிலே காலம் கெட்டுக் கிடக்கிறது, பெண்ணை எப்படித் தனியாக அனுப்புவது?" என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். இது அலட்சியம் செய்யக்கூடிய கேள்வியல்ல. வெளியில் ஆபத்தே இல்லை என்று சொல்ல நாம் வரவில்லை. ஆனால் வீட்டில் பத்திரம் என்கிறீர்களே, அந்தக் கணக்கைப் பார்த்ததுண்டா? ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட கணக்குப்படி, 2023-ம் ஒரு வருஷத்தில் மாத்திரம் உலகத்தில் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் தங்கள் புருஷனாலோ, கூட வாழ்ந்தவனாலோ, சொந்தக் குடும்பத்தாராலோ கொல்லப்பட்டிருக்கிறார்கள். அதாவது நாள் ஒன்றுக்கு 140 பேர். அந்த வருஷம் கொலை செய்யப்பட்ட பெண்களில் நூற்றுக்கு அறுபது பேர் இப்படிச் செத்தவர்கள். இதைக் கண்டு யாராவது பெண்ணுக்கு வீடு ஆபத்து, வீட்டில் வைக்காதீர்கள் என்று சொல்லுகிறார்களா? மேலும், ஊரில் ஒரு நாய் கடிக்கிறது என்றால் நாயைக் கட்டுவீர்களா, ஊராரைக் கட்டுவீர்களா? தெருவில் போகும் பெண்ணுக்குத் தொல்லை கொடுப்பவன் ஆண். பூட்டி வைக்கப்படுவது பெண். இது எந்த ஊர் நியாயம்? பெண்ணுக்குக் காவல் போடுவதில் காட்டுகின்ற கவலையில் காலே அரைக்கால் பங்கு, உங்கள் பையனை ஒழுங்காய் வளர்ப்பதில் காட்டியிருந்தால், இந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது.

ஆபத்துக்கு மருந்து அறிவே ஒழிய, கதவல்ல. ஆகவே இப்போது பெண்களாகிய உங்களுக்கு, இடம் தேர்ந்தெடுக்கும் விதத்தைப் பற்றி நம் அபிப்பிராயத்தைச் சொல்லுகிறோம். இதை வேதவாக்காக எடுத்துக் கொள்ள வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரி என்று பட்டால் மாத்திரம் ஒப்புக்கொள்ளுங்கள்.

முதலாவது, அந்த இடம் உங்களுக்குப் பிடித்ததாய் இருக்க வேண்டும். ஊரார் மெச்ச வேண்டும், போட்டோ பிடித்துக் காட்ட வேண்டும் என்பதற்காகப் போவது, நகை போட்டுக் காட்டுவதைப் போன்றதேயாகும். மலை வேண்டுமா, கடல் வேண்டுமா, பாழடைந்த பட்டணம் வேண்டுமா என்று நீங்களே உங்களைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, பஞ்சாங்கத்தைப் பார்ப்பதற்குப் பதிலாகப் பூகோளத்தைப் பாருங்கள். மழைக்காலத்தில் இமயமலைப் பாதைகளில் மண் சரியும். லடாக்கில் உள்ள லே பட்டணம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது. அங்கே காற்றில் பிராணவாயு குறைவு. ஆகாய விமானத்தில் போய் இறங்கினவுடன் ஓடி ஆடினால் தலைவலியும் வாந்தியும் மயக்கமும் வரும். கவனியாவிட்டால் உயிருக்கே மோசம். முதல் இரண்டு நாள் அதிக வேலையில்லாமல் ஓய்வாய் இருக்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேலே போனால், இரவு படுக்கும் இடத்தை நாள் ஒன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் அதே உயரத்தில் தங்க வேண்டும் என்பது வைத்தியர்கள் சொல்லும் விதி. நோய் கண்டுவிட்டால் கீழே இறங்குவதே மருந்து. இந்த மலை நோய் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை, பார்ப்பானா பறையனா என்றும் பார்ப்பதில்லை. மீசை வைத்தவன் கூட வந்தால் பிராணவாயு கூடிவிடப் போவதுமில்லை.

மூன்றாவது, போகிற வழியைக் காட்டிலும் திரும்புகிற வழியை முதலில் விசாரியுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு? அது போய்விட்டால் வேறு வண்டி உண்டா? புது ஊருக்கு வெளிச்சத்திலேயே போய்ச் சேரும்படி புறப்படுங்கள். முதல் இரவு தங்கும் இடத்தைப் புறப்படும் முன்பே ஏற்பாடு செய்து கொள்ளுங்கள். அந்த இடத்தில் முன்பு தங்கிய பெண்கள் என்ன சொல்லுகிறார்கள் என்று கேளுங்கள். நம்பிக்கையுள்ள ஒருவரிடம், இன்ன நாள் இன்ன இடத்தில் இருப்பேன் என்று எழுதிக் கொடுத்துப் போங்கள். இது அனுமதி கேட்பதாகாது, தகவல் சொல்லுவதாகும். இரண்டிற்கும் உள்ள வித்தியாசத்தை நம் ஆண்கள் தெரிந்து கொள்ள வேண்டும்.

நான்காவது, பணம் உங்கள் பேரில், உங்கள் கையில் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு இடத்தில் வைத்துக் கொள்ளுங்கள். 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அது தமிழ்நாட்டில் 1989-ல் சட்டமாயிற்று, இந்தியா முழுமைக்கும் 2005-ல் சட்டமாயிற்று. சட்டம் வந்தும் சொத்தை அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ் கூலிக்குப் புருஷன் கையைப் பார்த்து நிற்பவளுக்குப் பிரயாணமும் கிடையாது, சுயமரியாதையும் கிடையாது.

ஐந்தாவது, படிப்படியாய்ப் போங்கள். நீந்தத் தெரியாதவர் முதல் நாளே கடலில் குதிப்பதில்லை. முதலில் பக்கத்து ஜில்லாவிற்கு ஒரு பகல் தனியாகப் போய் வாருங்கள். தமிழ்நாட்டில் 2021-ம் வருஷம் மே மாதத்தில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று உத்தரவு போட்டார்கள். ஓசிப் பயணம் என்று அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் புருஷனைக் கேளாமல் வீட்டை விட்டுப் பத்து மைல் போகலாம் என்று முதல் முதலாய் எத்தனையோ பெண்கள் அதனால்தான் கண்டார்கள். அடுத்தபடி, ஒரு இரவு தங்கி வாருங்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகின்ற கொல்லிமலைக்குப் போகலாம். 1964-ம் வருஷப் புயலில் அழிந்து கிடக்கின்ற தனுஷ்கோடியைப் பார்க்கலாம். பிறகு பாஷை தெரியாத ஊர். ஹம்பி போன்ற பாழடைந்த பட்டணம். அதன் பிறகு லடாக். அதற்கும் மேல் ஆசையுள்ளவர்களுக்கு மலையேறக் கற்றுக் கொடுக்கும் பள்ளிகள் இருக்கின்றன. டார்ஜிலிங்கில் 1954-லும், உத்தரகாசியில் 1965-லும் ஏற்படுத்தப்பட்டவை. 1984-ம் வருஷம் மே 23-ந் தேதி எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால், உத்தரகாசிப் பள்ளியில் படித்தவரே. விருதுநகர் ஜில்லாவில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி என்ற இரண்டு குழந்தைகளின் தாய், 2023-ம் வருஷம் மே மாதத்தில் எவரெஸ்ட் ஏறினார். தமிழ்நாட்டிலிருந்து ஏறிய முதல் பெண் அவரே. இவர்கள் எல்லாம் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்ல. உங்களைப் போன்ற வீடுகளில் பிறந்து, பழக்கத்தால் பலம் அடைந்தவர்கள்.

இது பணக்காரப் பெண்களின் விஷயம், நம் கிராமத்துப் பெண்களுக்கு என்ன என்று கேட்கலாம். 1938-ம் வருஷத்தில் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னை வரைக்கும் தமிழர் படை கால்நடையாய் நடந்தது. அதில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நடந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அவரிடம் பணமூட்டையா இருந்தது? தேவதாசி முறை என்னும் இழிவில் இருந்து வெளியே வந்து, அந்த இழிவையே ஒழிக்க ஊர் ஊராய்ப் போனவர் அவர். அவருக்கு முடிந்தது உங்களுக்கு முடியாதா?

கடைசியாக ஆண்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பெண்ணுக்கு ஐந்து பவுன் சங்கிலி போடுவதற்கு முன், நீந்தவும் சைக்கிள் விடவும் படம் பார்த்து வழி கண்டுபிடிக்கவும் கற்றுக் கொடுங்கள். சங்கிலி அவளைத் தனி வழியில் பயப்படச் செய்யும். கல்வி தைரியம் கொடுக்கும். உங்கள் மனைவி நான்கு நாள் தனியாய்ப் போக விரும்பினால், "சோற்றுக்கு நான் என்ன செய்வேன்?" என்று கேட்காதீர்கள். அரிசி களைவதற்கு ஆண் பெண் என்ற வித்தியாசம் எந்த சாஸ்திரத்திலும் நியாயமாய்ச் சொல்லப்படவில்லை. அந்த நான்கு நாளில் நீங்களும் ஒரு புது தேசத்தைப் பார்க்கலாம். அதன் பெயர் அடுப்பங்கரை. அங்கேயும் துணிச்சலுக்கு வேண்டிய மட்டும் வேலை இருக்கின்றது.

தாய்மார்களே! நாம் சொன்னதற்காக ஒருவரும் நாளைக்கே மூட்டை கட்ட வேண்டாம். இன்று வீட்டிற்குப் போனதும், "நான் எந்த ஊரைப் பார்க்க ஆசைப்படுகிறேன்?" என்ற ஒரு கேள்வியை மாத்திரம் உங்களையே கேட்டுக் கொள்ளுங்கள். அதற்கு வருகின்ற பதிலைப் புருஷனுக்கும் பிள்ளைக்கும் கேட்கும்படியாக வாய்விட்டுச் சொல்லுங்கள். மற்றவை தானே நடக்கும்.